அந்த 21 நொடி

அன்புள்ள ஐயா,

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அகதிகள் அணியின் சிண்டி என்காம்பா குத்துச்சண்டையில் வெண்கலம் வென்றதைப் பார்த்ததிலிருந்து சில கேள்விகள். நாடும் கொடியும் இல்லாதவர் யாருக்காக விளையாடுகிறார்? அந்தப் பதக்கம் எந்தக் கணக்கில் சேரும்? சிண்டியை விட்டுவிட்டால் இந்த அணியில் பெரும்பாலோர் ஆரம்பச் சுற்றுகளிலேயே வெளியேறிவிடுகிறார்கள். தகுதிக்கான மேடையில் இரக்கத்துக்கு இடம் கொடுப்பது சரியா?

கா., திருப்பூர்

அன்புள்ள கா.,

பதக்கம் அகதிகள் அணி என்ற பெயரிலேயே சேரும். பட்டியலில் அதற்கும் ஒரு வரி உண்டு. கைபேசியில் தட்டியிருந்தாலே இது கிடைத்திருக்கும். யாருக்காக என்பதையும் விட்டுவிடுவோம். நீங்கள் பள்ளியில் கபடி ஆடியபோது யாருக்காக ஆடினீர்கள்?

இரக்கம் என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. சிண்டி கேமரூனில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். ஷெஃபீல்டில் பிரிட்டன் அணியோடுதான் பயிற்சி எடுத்தார். கைவசம் குத்து இருந்தது, கடவுச்சீட்டு இல்லை. 2012இல் கோர் மரியால் என்ற மாரத்தான்காரரிடம், சூடானுக்காக ஓடலாமே என்றார்கள். தன் சொந்தங்களைக் கொன்ற நாட்டின் சட்டையைப் போடமாட்டேன் என்று மறுத்தார். அவருடைய சொந்த மண்ணான, புதிதாகப் பிறந்த தெற்கு சூடானுக்கோ அப்போது ஒலிம்பிக் குழுவே கிடையாது. லண்டனில் ஒலிம்பிக் கொடியின் கீழ் ஓடி 47ஆவதாக வந்தார். இதில் இரக்கம் எங்கே இருக்கிறது?

சரி, முதல் சுற்றிலேயே வெளியேறியவர்களுக்கு வருவோம். ரியோ 2016, பெண்கள் 800 மீட்டர். அகதிகள் அணியின் கொடியை ஏந்தி வந்த ரோஸ் நதிகே லோகோன்யென் 2 நிமிடம் 16.64 நொடியில் ஓடி, தன் சுற்றில் ஏழாவதாக வந்தார். இறுதியில் தங்கம் வாங்கிய காஸ்டர் செமன்யாவின் நேரம் 1 நிமிடம் 55.28 நொடி. இடையில் 21 நொடி சொச்சம். 800 மீட்டரில் அது பெரும்பள்ளம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிப் பாருங்கள் தம்பி. ரோஸ் பத்து வயதுவாக்கில் தெற்கு சூடான் போருக்குத் தப்பி, கென்யாவின் வறண்ட வடமேற்கில் இருக்கும் ககுமா முகாமுக்கு வந்தவர். கால் பழக வேண்டிய வயதெல்லாம் அங்கேதான் போயிற்று. பயிற்சியாளர் இல்லை. தடம் இல்லை. சாப்பாடு ரேஷன். 2015இல் பழைய மாரத்தான் வீராங்கனை டெக்லா லொரூப்பின் அறக்கட்டளை முகாமில் ஒரு தேர்வோட்டம் வைத்தது. பத்து கிலோமீட்டர். ரோஸ் வெறுங்காலில் ஓடி இரண்டாவதாக வந்தார். முறையான பயிற்சி என்றால் என்னவென்று அதற்குப் பிறகு, நைரோபிக்கு அருகே, தெரிந்துகொண்டார். அடுத்த ஆண்டே ரியோ. அந்த 21 நொடியில் எத்தனை நொடி அவருடைய காலுக்குச் சேரும், எத்தனை நொடி முகாமுக்குச் சேரும்? நீங்கள் மொத்தத்தையும் அவர் தலையில் கட்டிவிட்டு, மேடையின் தரம் என்ன ஆவது என்று கவலைப்படுகிறீர்கள்.

கோபமாக எழுதுகிறேன். இந்தக் கோபத்தில் பாதி என் மேலேயேதான்.

தொண்ணூறுகளில் நான் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்ததால் விசில் என் கழுத்துக்கு வந்தது. பக்கத்தில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று. அங்கிருந்து ஒன்பதாம் வகுப்பில் படித்த ஒரு பையன், ஒல்லிக்குச்சி, 800 மீட்டரில் குறுவட்ட அளவில் முதலாவது. மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் வந்து நின்றான். "சேர், நாளைக்குச் செக்கிங். ஆளில்லாட்டி பதிவை வெட்டிப்போடுவாங்கள்."

முகாமில் அதிகாரிகள் வந்து தலையெண்ணும் நாளை அவர்கள் செக்கிங் என்பார்கள். பதிவு போனால் பணக்கொடை போகும், கிலோ 57 காசு அரிசியும் போகும். எனக்கு இது அரைகுறையாகத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டேன்: "ஓட்டத்தைவிட அரிசி பெருசாடா உனக்கு? இப்படி இருந்தா எப்படிடா உருப்படுவ?" வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் பதில் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து எண் எழுதிய துணியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். மடித்து, நான்கு ஊக்குகளையும் அதிலேயே குத்தி வைத்திருந்தான்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் குரல் எனக்குப் பழக்கமான குரல், கா.

மறுநாள் மாவட்ட மைதானத்தில் அவன் எண்ணை மூன்று முறை கூப்பிட்டார்கள். முதலில் வந்த பையனின் நேரம் 2 நிமிடம் 14 நொடி. எங்கள் பள்ளி மைதானத்தில், வேப்பமரத்தைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடி, இவன் 2.11 ஓடியிருந்தான். மைதானத்தைக் காலடி வைத்து அளந்தவன் நான்தான், கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம்.

அன்புடன்.