மறியல் யாரை நிறுத்துகிறது?

கேள்வி: கோரிக்கை எவ்வளவு நியாயமாக இருந்தாலும், வேலைக்குப் போகிறவனையும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவனையும் நடுரோட்டில் நிறுத்தி வைப்பது அராஜகம்தானே? இப்படி மறித்து இதுவரை எதையாவது சாதித்திருக்கிறார்களா?

பதில்: சாதித்திருக்கிறார்கள். பஞ்சாபில் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது அசையாத மத்திய அரசு, 2020 நவம்பரில் அதே விவசாயிகள் டெல்லி எல்லைக்கு வந்து ஒரு வருடம் எழுந்திருக்காமல் இருந்ததும் மூன்று வேளாண் சட்டங்களையும் திரும்பப் பெற்றது. யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் போராடுங்கள் என்று சொல்வது சுலபம். போலீஸ் காட்டுகிற மூலையில், போலீஸ் கொடுத்த நேரத்துக்குள் கத்திவிட்டுக் கலைகிறவர்களை எந்த அமைச்சர் திரும்பிப் பார்த்தார், சொல்லுங்கள்?

அதற்காக எல்லா மறியலுக்கும் நான் கொடி பிடிக்க மாட்டேன். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அடி யார் மேல் விழுகிறது, அதில் பெரும்பங்கை யார் சுமக்கிறார்கள்?

அமெரிக்காவின் மாண்ட்கமரியில் 1955 டிசம்பரில், பேருந்தில் நிறம் பார்த்து இருக்கை பிரிப்பதை எதிர்த்துக் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறுவதையே நிறுத்தினார்கள். பயணிகளில் பெரும்பாலானோர் அவர்கள்தான், அதனால் அடி நேராகப் பேருந்து நிறுவனத்தின் கல்லாவில் விழுந்தது. ஆனால் கஷ்டப்பட்டது யார்? வீட்டு வேலைக்குப் போன பெண்கள் மைல் கணக்கில் நடந்தார்கள், கறுப்பின டாக்ஸிக்காரர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆள் ஏற்றினார்கள், அதையும் நகர நிர்வாகம் தடுத்தது, அப்புறமும் 381 நாள் தாக்குப்பிடித்தார்கள். அடுத்தவனுக்குக் கொடுத்த தொல்லையைவிடப் பல மடங்கைத் தாங்களே ஏற்றுக்கொண்டவர்களை அராஜகவாதிகள் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

2021 செப்டம்பரில் லண்டனைச் சுற்றியிருக்கும் எம்25 சாலையில் நடந்தது வேறு. குளிர் உள்ளே வராதபடி வீடுகளைச் சீரமைக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று இன்சுலேட் பிரிட்டன் என்ற அமைப்பினர் கேட்டார்கள். நல்ல கோரிக்கை, ஏழைகளுக்குத்தான் அதிகம் பயன்பட்டிருக்கும். ஆனால் கையைத் தார்ச்சாலையோடு பசை போட்டு ஒட்டிக்கொண்டு மறித்தது, வீட்டுச் சீரமைப்பில் எந்த முடிவும் எடுக்க முடியாத ஓட்டுநர்களை. அவர்களே இறங்கி வந்து போராட்டக்காரர்களைத் தரதரவென இழுத்து ஓரத்தில் போட்டார்கள். போராடியவர்கள் சிறைக்குப் போனார்கள், மறுவருடம் சாலை மறிப்புக்கான தண்டனையை அரசு கூட்டிவிட்டது. கோரிக்கை என்னவென்று அந்த நெரிசலில் நின்ற எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்?

ஆஸ்பத்திரி என்றீர்களே, அதில் எனக்கு ஒரு விட்டுக்கொடுப்பும் கிடையாது. 2019 ஜூனில் ஹாங்காங்கில் லட்சக்கணக்கானோர் தெருவை அடைத்து நின்றபோது ஒரு ஆம்புலன்ஸ் வந்தது, கூட்டம் அப்படியே இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது, வண்டி போனதும் மறுபடி மூடிக்கொண்டது. அவ்வளவு பெரிய கூட்டத்தால் முடிந்தது என்றால், ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் முடியாது என்பதை யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

பொது வழிகளைக் காலவரையின்றி ஆக்கிரமிக்கக் கூடாது என்று, குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து டெல்லி ஷாஹீன் பாக்கில் நடந்த சாலை மறியல் பற்றிய வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒதுக்கிய இடத்தில்தான் போராட வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இடத்தை ஒதுக்குவது, எதிர்த்துப் போராடப்படுகிற அதே அரசுதானே?

எனக்குக் கோபம் வருவது கேமரா வரும்வரை மறித்துவிட்டு, செய்தியில் முகம் வந்ததும் கலைந்து போகிறவர்கள் மேல். அன்றைக்குக் கூலி போன தொழிலாளிக்கு அவர்கள் ஒரு பதிலும் வைத்திருப்பதில்லை.

அடுத்த முறை மாட்டிக்கொண்டால் ஹாரனை விட்டுவிட்டு இறங்கிப் போய், என்ன வேண்டும், யாரிடம் கேட்டீர்கள், எத்தனை முறை கேட்டீர்கள் என்று விசாரியுங்கள். சொல்லத் தெரியாமல் முழித்தால் தாராளமாகத் திட்டுங்கள். சொன்னார்கள் என்றால், உங்கள் கோபத்தில் பாதியையாவது அந்த மனுக்களை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்த அலுவலகத்தின் மேல் காட்டுங்கள்.