‘ஷொப் வொரண்டி ஒரு வருசம்’: யாருடைய வொரண்டி?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் கல்யாண வீடு, சாமத்திய வீடுகளுக்குப் படம் எடுக்கிறேன். பழைய கமராவை விற்றுவிட்டுப் புதிதாக ஒரு புல் பிரேம் மிரர்லெஸ் வாங்க இருக்கிறேன். கொம்பனி நியமித்த கொழும்பு ஏஜென்டின் விலை 640,000 ரூபாய். முகநூலில் பார்த்த கடை ஒன்று அதே கமராவை 530,000க்குத் தருகிறது. ‘ஒரிஜினல், சீல் பெட்டி, ஒரு வருட ஷொப் வொரண்டி’ என்கிறார்கள். கட்டாரில் இருக்கும் மச்சானும் வாங்கி வரலாம் என்கிறார். எதை நம்புவது? கடையில் வாங்கிவிட்டு, பிறகு ஏஜென்டிடம் காசு கட்டி வொரண்டி பதிய முடியுமா?

பதில்: தம்பி, அந்தக் கமரா போலியாக இருக்கும் என்று பயப்படத் தேவையில்லை. கமராவைப் போலியாகச் செய்வது லேசான வேலை இல்லை. போலியாக வருவது பற்றரியும் சார்ஜரும் மெமரி கார்டும்தான். அது அனேகமாகக் கிரே மார்க்கெட் சாமான். கிரே மார்க்கெட் என்று நாங்கள் சொல்வது, அதே தொழிற்சாலையில் செய்த அசல் சாமான், கொம்பனி நியமித்த ஆளை விட்டு வேறு வழியால் நாட்டுக்குள் வருவதை. டுபாயிலோ ஹொங்கொங்கிலோ ஒருவர் மொத்தமாக எடுப்பார். பெட்டியிலோ சூட்கேசிலோ இங்கே வந்து சேரும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது இந்த வழி அகலமானது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமாகிய பிறகு இன்னும் அகலம். நீங்கள் சொல்லும் 110,000 ரூபாய் வித்தியாசத்தில் ஒரு பங்கு வரியாக இருக்கலாம். மற்றப் பங்கு வொரண்டி.

ஏஜென்ட் இலவசமாகத் திருத்துவது மனம் இரங்கி அல்ல. விற்கிற ஒவ்வொரு கமராவின் விலைக்குள்ளேயும் திருத்தச் செலவுக்கென்று ஒரு தொகையை வைத்திருக்கிறார். அவர் கைக்கு வராத கமராவில் அந்தத் தொகையும் அவருக்கு வரவில்லை. ஆகவே சீரியல் இலக்கத்தை அடித்துப் பார்த்துவிட்டு ‘இது எங்கட இல்லை’ என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. சில நாடுகளில் இதைவிடக் கடுமை. அமெரிக்காவில் நிக்கோன் நிறுவனம், தன் வழியால் வராத கமராவைக் காசு கொடுத்தாலும் திருத்துவதில்லை என்று பகிரங்கமாகவே சொல்லி வைத்திருக்கிறது. அதனால் 530,000ஐ எண்ணிக் கொடுக்கும் முன் ஏஜென்டுக்கு ஒரு கோல் எடுத்து, ‘வெளியால வாங்கின கமராப் பொடியை (லென்ஸ் இல்லாத கமராவை) காசுக்காவது திருத்துவீங்களா, பாட்ஸ் தருவீங்களா?’ என்று கேளுங்கள். இந்த ஒரு கோலை எடுக்காமல் வந்து என் திருத்து மேசையில் கமராவை வைத்தவர்கள் எத்தனையோ பேர்.

இப்போது அந்த ஷொப் வொரண்டி. இது கொம்பனியின் வாக்கு அல்ல, ஒரு கடைக்காரரின் வாக்கு. கடை இருக்கும் வரைதான் வாக்கும் இருக்கும். நானே ஏமாந்தேன் என்று சொல்ல வெட்கமில்லை. கொழும்பில் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) ஒரு வருட ஷொப் வொரண்டியோடு லென்ஸ் ஒன்று எடுத்தேன். எட்டாவது மாதம் ஓட்டோ போகஸ் மோட்டர் நின்றது. இரவு ரயில் ஏறிப் போய் இறங்கினால், அதே கதவு, அதே கண்ணாடி, உள்ளே போன் கவர் விற்கிறார்கள். பழைய முதலாளியைக் கேட்டால், ‘அவர் வெளிநாடு, அண்ணே.’ கமரா திருத்தியே பிழைக்கிற எனக்கே இந்தக் கதி.

கடை திறந்திருந்தாலும் முடிந்தபாடில்லை. ‘வொரண்டி இருக்குதா?’ என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. பழுதானால் யார் கழற்றுவது? புதுப் பாகம் எங்கிருந்து வரும்? கொழும்புக்கு அனுப்புகிற செலவு யாருடையது? எத்தனை நாளில் திரும்பும், திருத்த முடியாவிட்டால் மாற்றுக் கமராவா, காசா? இதற்கெல்லாம் ‘அதைப் பாத்துக்கலாம் தம்பி’ என்று பதில் வந்தால், உங்கள் வொரண்டி அந்த ‘பாத்துக்கலாம்’ மட்டும்தான். பதில் வந்தால் அதை ரசீதின் பின்பக்கம் எழுதி, கடை முத்திரை குத்தி வாங்குங்கள். வட்ஸ்அப்பில் வந்த ‘ஓகே’ போதாது.

இடையில் ஓர் ஆள் வருவார், அவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ‘எனக்கு ஏஜென்சிக்குள்ள ஆள் இருக்கு, குடுங்க, நான் கொண்டு போய்ச் செய்விச்சுத் தாறன்’ என்பார். கல்முனையிலும் இருக்கிறார், ஏறாவூரிலும் இருக்கிறார், ஊருக்கு ஒருவர். கமரா ஏஜென்சி வாசலைக்கூடப் பார்த்திருக்காது. எங்கோ ஒரு மாடிப்படிக்குக் கீழே கழற்றப்பட்டு, பழைய கமராவிலிருந்து எடுத்த பாகம் பூட்டப்பட்டு வரும். போகும்போது இருந்த அசல் பற்றரி வரும்போது இருக்காது. கெனன் போன்றவை இப்படி மாற்றி வைத்த போலிப் பற்றரியைப் போட்டவுடன் திரையில் எச்சரிக்கை காட்டும். ஆள் அதையும் ‘அது அப்பிடித்தான், ஓகே குடுங்க’ என்பார். ஒருமுறை வெளியாள் கழற்றிய கமராவை ஏஜென்டும் தொடமாட்டார், ஷொப் வொரண்டிக்காரரும் தொடமாட்டார். திருகாணியின் தலையில் ஒரு கீறல் போதும், அதைக் காட்டியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் பொடி, பற்றரி இரண்டின் இலக்கத்தையும் படம் எடுத்து வைத்துவிட்டுக் கொடுங்கள்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கடைக்காரர் கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத சாமானைப் பற்றி நீங்கள் முறையிடலாம். அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்குக் கோலும் எடுக்கலாம். ஆனால் எழுத்து முறைப்பாடு விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும் என்கிறது அதே சட்டம். வொரண்டியோ ஒரு வருடம். ஐந்தாம் மாதம் ஷட்டர் போனவன் எங்கே போவான்? இதை எழுதியவர்கள் கமரா வாங்கியவர்கள் இல்லைபோலும். மத்தியஸ்த சபை இருக்கிறது, சிவில் வழக்கு இருக்கிறது. கல்யாணச் சீசனில் வேலையை விட்டுவிட்டு அதற்கு அலைய ஏலுமா என்று நீங்களே சொல்லுங்கள். எது எப்படியோ, ரசீது இல்லாமல் ஒன்றும் நகராது. ‘பில் வேணுமெண்டா விலை கூடும்’ என்ற கடையில் நிற்கவே வேண்டாம்.

கட்டார் மச்சானின் கதை வேறு, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அங்கே கொம்பனியின் அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்கினால் அதற்கு உண்மையான வொரண்டி உண்டு, ஆனால் அது பெரும்பாலும் அந்த நாட்டுக்கோ அந்தப் பிராந்தியத்துக்கோதான். அட்டையில் நாடுகளின் பட்டியல் இருக்கும்; இலங்கை அதில் இருக்கிறதா என்று மச்சான் கடையிலேயே வாசித்துப் பார்க்கட்டும். ‘இன்டர்நெஷனல் வொரண்டி’ என்று விற்பவன் வாயால் சொல்வது கணக்கில்லை. இலங்கை இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது: பழுதானால் போகிற வருகிற ஆளிடம் கொடுத்து அனுப்பலாம். மட்டக்களப்பில் கட்டாருக்குப் போகாத குடும்பம் எது? ஆனால் வொரண்டி ஓடத் தொடங்குவது பில் போட்ட நாளிலிருந்து, கமரா உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. மச்சான் விலை குறைந்த நேரம் பார்த்து வாங்கி, அறையில் வைத்து, ஒன்பது மாதம் கழித்து லீவில் கொண்டு வந்தால், ஒரு வருட வொரண்டியில் உங்களுக்கு மிச்சம் மூன்று மாதம். ஆகவே பயணத்துக்கு முந்திய கிழமை வாங்கச் சொல்லுங்கள். அட்டையில் கடை முத்திரை, திகதி, சீரியல் இலக்கம் மூன்றும் இருக்கட்டும். அசல் பில்லைப் பத்திரப்படுத்துங்கள், வெயிலில் எழுத்து மங்கும் பில்லென்றால் போட்டோ கொப்பி எடுங்கள். மேலதிகப் பற்றரி கைப்பையில் வரவேண்டும், பெரிய பெட்டிக்குள் போடக்கூடாது. கட்டாரில் வாங்கும் சார்ஜரின் பிளக் எங்கள் 13 அம்பியர் சொக்கெற்றுக்குப் பொருந்தும். ஜப்பானிலிருந்து யாரும் சோனி கொண்டு வந்தால் மட்டும் கவனம்: அங்கே விற்கும் சோனிகளில் அனேகமானவற்றில் மெனு ஜப்பான் மொழியில் மட்டும்தான். ‘பிறகு மாத்தலாம்’ என்பது பொய்.

எந்த வொரண்டியும் உற்பத்திப் பழுதுக்குத்தான். விழுந்தது, பாசிக்குடா மணல் போனது, உப்புத் தண்ணி பட்டது, மார்கழி மழையில் லென்ஸுக்குள் பங்கஸ் (பூஞ்சணம்) பிடித்தது எதுவும் அதில் வராது. என் மேசைக்கு வருபவற்றில் அனேகம் இந்த வகைதான். லென்ஸை அரிசி வாளிக்குள் புதைக்காதீர்கள்; தவிட்டுத் தூள் உள்ளே போய், அதைத் துடைப்பதற்கும் என்னிடம்தான் வருவீர்கள்.

கடையில் வாங்குவதென்றால் ‘சீல் பெட்டி’யை நம்ப வேண்டாம். பல கமராப் பெட்டிகள் தொழிற்சாலையிலிருந்தே சீல் இல்லாமல்தான் வரும். சீல் ஒட்டுவது ஐந்து நிமிட வேலை. பொடியின் அடியில் உள்ள இலக்கமும் பெட்டி ஸ்ரிக்கரும் ரசீதும் ஒன்றா என்று பாருங்கள். ஒரு படம் எடுத்து அந்தக் கோப்பைக் கணினியில் திறந்தால், பல கமராக்களில் சீரியல் இலக்கம் அதற்குள்ளேயே இருக்கும். நிக்கோனில் ஷட்டர் எத்தனை தரம் அடித்திருக்கிறது என்பதும் தெரியும். புதியது என்று சொன்ன கமரா 4,000 காட்டினால் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

என் முடிவு உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரியில் இருக்கிறது: பழைய கமராவை விற்றுவிட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே கமராவோடு கல்யாண வீட்டுக்குப் போகிறவர் ஏஜென்டிடம் வாங்க வேண்டும். ஷொப் வொரண்டியில் கமரா கொழும்புக்குத் திருத்தப் போய் வர மூன்று கிழமை ஆனால் அந்த மூன்று கிழமை முகூர்த்தங்களும் போய்விடும், முற்பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும். பழையதை விற்காமல் வைத்துக்கொண்டால் கதை மாறும். அப்போது மச்சானிடம் வாங்குங்கள், அது சரிவராவிட்டால் அந்தக் கடையிலும் வாங்கலாம். ஆனால் மிச்சம் பிடித்த 110,000ஐ இரண்டு வருடம் வங்கியில் தொடாமல் போடுங்கள்; உங்கள் வொரண்டி அதுதான். அதில் ட்ரோன் வாங்கிவிட்டு ஷட்டர் போனதென்று என்னிடம் வரக்கூடாது.

பிறகு ஏஜென்டிடம் காசு கட்டிப் பதிவது பற்றிக் கேட்டீர்கள். அப்படி ஒன்று இல்லை. ‘நான் பதிஞ்சு தாறன், 15,000 தாங்க’ என்று ஒருவர் சொன்னால், அவர்தான் நான் மேலே சொன்ன ஆள்.