போன் இல்லாத பிள்ளை வீட்டுக்கு எப்படித் தகவல் சொல்லும்?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி விட்டதும் டவுன் பஸ்ஸில் டியூஷனுக்குப் போய்விட்டு ஆறரைக்கு வீட்டுக்கு வருவாள். போன வாரம் பஸ் கிடைக்காமல் ஒன்றேகால் மணி நேரம் தாமதம். நான் டியூஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்குமாக அலைந்தேன். பள்ளியில் போன் கொண்டுவரக் கூடாது. எங்களுக்கும் இந்த வயதில் வாங்கித் தர மனமில்லை. அவசரத்துக்கு அவள் எங்களை எப்படிக் கூப்பிடுவாள்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அந்த ஒன்றேகால் மணி நேரம் உங்களுக்கு எப்படிப் போயிருக்கும் என்று தெரிகிறது. ஆனாலும் போன் வேண்டாம் என்ற முடிவை மாற்ற வேண்டியதில்லை. அன்று அந்த பஸ் ஸ்டாண்டில் அவளைச் சுற்றி எத்தனையோ போன்கள் இருந்திருக்கும். யாரிடம் கேட்கலாம், எப்படிக் கேட்பது என்று அவளுக்கு யாரும் பழக்கிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

முதலில் உங்கள் நம்பர் அவளுக்கு மனப்பாடமா என்று பாருங்கள். பிள்ளைகளிடம் பேசப் போகும் இடங்களில் எல்லாம் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஒருமுறை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து கணீரென்று சொன்னான். எண்ணிப் பார்த்தால் ஒன்பது இலக்கம். மறுபடி சொன்னான், மறுபடியும் ஒன்பது. “போன்ல அம்மான்னு போட்டா வந்துடும் மிஸ்” என்றான். நம்பரை ஐந்து ஐந்தாகப் பிரித்து, வாய்ப்பாடு மாதிரி ராகமாகச் சொல்ல வையுங்கள். வீட்டில் அப்பாவைக் கூப்பிடும்போதும் பெயரைத் தொடாமல் பத்து இலக்கத்தையும் விரலால் அழுத்தட்டும். வாய் மறந்தாலும் விரல் மறக்காது. உங்கள் நம்பரோடு, கட்டாயம் போனை எடுக்கக்கூடிய இன்னொருவரின் நம்பரும் தெரிந்திருக்க வேண்டும். பதற்றத்தில் எதுவும் மறக்கும் என்பதால் இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி ஐடி கார்டுக்குப் பின்னாலும் ஜாமெட்ரி பாக்ஸிலும் வையுங்கள். கூடவே ஒரு ஐம்பது ரூபாய் நோட்டு.

அடுத்து, யாரிடம் கேட்பது. ஒரு ரூபாய் காயின் பாக்ஸ் இருந்த காலம் போய்விட்டது. இப்போது கேட்க வேண்டியது இடத்தை விட்டு நகர முடியாத ஆட்களிடம்: மெடிக்கல் கடை, ஜெராக்ஸ் கடை, பஸ் ஸ்டாண்டு நேரக் காப்பாளர் அறை, போலீஸ் அவுட்போஸ்ட். பஸ்ஸுக்குள் என்றால் கண்டக்டர். யாரும் கண்ணில் படாவிட்டால், குழந்தையோடு நிற்கும் ஒரு அம்மா. கேட்கும் வாக்கியத்தையும் சொல்லிக் கொடுங்கள்: “அக்கா, எங்க அம்மாவுக்கு ஒரு போன் பண்ணித் தர்றீங்களா? நம்பர் நான் சொல்றேன்.” போனைக் கையில் தரும்படி கேட்க வேண்டாம். அவர்களே நம்பர் போட்டு ஸ்பீக்கரில் வைத்தால் தயங்காமல் உதவுவார்கள். பிள்ளை கவுண்டருக்கு வெளியேதான் நிற்க வேண்டும். “உள்ளே வந்து பேசு” என்று யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. பேசி முடித்த பிறகும் ஐந்து நிமிடம் அங்கேயே நிற்கட்டும். நீங்கள் அதே நம்பருக்குத் திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கும்.

இதில் பெரிய ஓட்டை நம் பக்கம்தான் இருக்கிறது. லோன் வேணுமா, கார்டு வேணுமா என்று வரும் அழைப்புகளுக்குப் பயந்து தெரியாத நம்பரையே நாம் எடுப்பதில்லை. சிலர் போனில் அப்படிப்பட்ட அழைப்புகள் மணியே அடிக்காதபடி வைத்திருப்பார்கள். பிள்ளை எவ்வளவு சரியாகச் செய்தாலும் இங்கே வந்து எல்லாம் நின்றுவிடும். தினமும் பள்ளி விடும் நேரத்திலிருந்து அவள் வீடு வந்து சேரும்வரை எந்த நம்பர் வந்தாலும் எடுத்துவிடுங்கள்.

பயப்படும்படி ஏதாவது நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098, அல்லது அவசர உதவி எண் 112. இரண்டுக்கும் காசு கிடையாது, நாள் முழுக்க எடுப்பார்கள். பூட்டியிருக்கும் போனிலிருந்துகூட 112-ஐ அழைக்கலாம் என்பதை அவளுக்குச் செய்து காட்டுங்கள். ஆனால் விளையாட்டுக்கு அழுத்த விடாதீர்கள்.

சிம் போடும் ஸ்மார்ட் வாட்ச் வாங்கலாமா என்று யோசிப்பீர்கள். வாங்குவதற்கு முன் பள்ளியில் கேட்டுவிடுங்கள், வாட்ச்சையும் அனுமதிக்காத பள்ளிகள் உண்டு. விலை குறைந்த சில வாட்ச்கள் 2ஜி மட்டும்தான். அவற்றில் ஜியோ சிம் வேலை செய்யாது. நீங்கள் சேர்த்த நம்பர்களிலிருந்து மட்டும் அழைப்பு வரும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இடம் காட்டும் வசதியை ரொம்ப நம்ப வேண்டாம், கட்டடத்துக்குள் அது தள்ளிக் காட்டும். சார்ஜ் தீர்ந்தால் அதுவும் வெறும் வளையல்தான் என்பதால் மனப்பாடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பள்ளி ஆபீஸிலும் டியூஷனிலும் ஒருமுறை நேரில் போய், தாமதமானால் பிள்ளை எந்த போனில் பேசலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், உங்களுக்கு வேலை வந்து வேறு யாரையாவது கூட்டிவர அனுப்பினால் அவர் சொல்ல வேண்டிய ஒரு ரகசிய வார்த்தையை இப்போதே முடிவு செய்யுங்கள். அதைச் சொல்லாத யாரோடும், தெரிந்த முகமாகவே இருந்தாலும், அவள் கிளம்பக் கூடாது.

இந்தச் சனிக்கிழமை இருவரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள். நீங்கள் தள்ளி நின்றுகொண்டு, அவளை மெடிக்கல் கடையில் கேட்டு உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். முதல் தடவை குரலே எழும்பாது, பரவாயில்லை. இரண்டு மூன்று தடவை ஆன பிறகு, ஒரு நாள் வேண்டுமென்றே போனை எடுக்காமல் இருங்கள். இரண்டாவது நம்பரை அவளாகவே சொல்கிறாளா என்று பாருங்கள்.