கடல் எப்போது அமைதியாக இருந்தது?

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. டிசம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு நானும் கணவரும் மூன்று நாள் மட்டும் ஏதாவது ஓர் அமைதியான பீச்சுக்குப் போய் ரிலாக்ஸாக இருந்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறோம். பிந்தான் நல்லதா, டெசாருவா, தியோமானா?
– வாசகி, பொங்கோல்

பதில்: மூன்று ஊர்ப் பெயர்களைக் கேட்டிருக்கிறீர்கள்: பிந்தான் இந்தோனேசியத் தீவு, டெசாரு மலேசியக் கடற்கரை, தியோமான் மலேசியத் தீவு. அவற்றுக்குப் பிறகு வருகிறேன். 'அமைதியான' என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்களே, அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

கடல் எப்போதம்மா அமைதியாக இருந்தது? பகலில் நம் பேச்சுச் சத்தத்தில் அது காதில் விழாது. இரவு பன்னிரண்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துப் பாருங்கள், அப்போதுதான் அது பேசத் தொடங்கும். காதலனைப் பிரிந்து தூக்கம் வராமல் கிடக்கும் ஒருத்தி, 'கடலே, உன்னை யார் இப்படி வருத்தினார்கள்? நள்ளிரவிலும் உன் குரல் கேட்கிறதே' என்று கேட்பதாக ஒரு சங்கப் பாடல் இருக்கிறது. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு தூங்குவதற்குத்தான் நீங்கள் பணம் கட்டிப் போகப் போகிறீர்கள்.

இன்னும் ஒன்று. நம் இலக்கணம் ஐந்து நிலங்களுக்கு ஐந்து உணர்வுகளைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. காத்திருப்பது காட்டுக்கு, ஊடல் வயலுக்கு, பிரிவு பாலைக்கு. கடற்கரைக்குக் கிடைத்தது இரங்கல்: போனவன் இன்னும் வரவில்லையே என்று மணலில் உட்கார்ந்து உருகுவது. சேர்ந்திருப்பது மலைக்கு உரியது. கணவனும் மனைவியும் தனியாக இருக்க இடம் கேட்டால் பழைய புலவர்கள் அத்தனை பேரும் உங்களை மலைக்குத்தான் அனுப்பியிருப்பார்கள். மலை நிலமான குறிஞ்சிக்கு அவர்கள் சொன்ன பருவம் கூதிர் என்ற குளிர்காலமும் முன்பனியும், பொழுது யாமம், அதாவது நள்ளிரவு. நீங்கள் கிளம்புகிற மார்கழி அப்படியே பொருந்துகிறது! நம் சிங்கப்பூரில் ஆக உயரமான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். அதனால் மலேசியாவின் கேமரன் மலைக்குப் போங்கள், இரவில் குளிரும், ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு தேநீர் குடியுங்கள் என்று சொல்லி நான் இங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஆனால் நீங்கள் கேட்டது கடல். நெய்தல் என்ற கடற்கரை நிலத்தில் அழுகை மட்டும் இல்லை. ஈர மணலில் நண்டு துரத்தி விளையாடுகிற பெண்கள் இருக்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்த பாட்டு ஒன்று உண்டு. சிறுமியாக இருந்தபோது மணலில் புதைத்து விளையாடி மறந்த புன்னை விதை முளைத்துவிடுகிறது. அதற்குப் பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கிறாள். 'உன்னைவிட இதுதான் சிறந்தது, இது உனக்கு உடன்பிறந்தவள்' என்று அம்மா சொல்லிவைக்கிறாள். பிறகு காதலன் வந்து அதே மரத்தடியில் நின்று பேசினால் பெண்ணுக்கு வெட்கம் வராதா? உடன்பிறந்தவள் முன்னால் எப்படிச் சிரித்துப் பேசுவது? வேறு மர நிழலுக்குப் போகலாம் என்கிறார்கள்.

அந்தப் புன்னை நம் சிங்கப்பூர்க் கரையிலும் வளர்கிறது. மலாய்க்காரர்கள் அதைப் பெனாகா லாவுட் என்பார்கள். தாழையும் இருக்கிறது, மணலில் படர்ந்து ஊதாப் பூப் பூக்கும் அடும்பங்கொடியும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நெய்தல் திணையை வகுப்பறைக்குள் வைத்து மனப்பாடம் செய்ய வைக்கிறோமே, ஒரு சனிக்கிழமை சாங்கிக் கடற்கரைக்கு அழைத்துப் போய்க் காட்டினால் என்ன என்று பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன். மறுபடியும் எழுதுகிறேன். ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து செய்யுங்கள்.

உங்களுக்கு வேண்டியது அமைதி என்பதைவிட மனிதச் சத்தம் இல்லாத இடம் என்று நினைக்கிறேன். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பாட்டுப் பெட்டியை அலறவிடுவதைப் பற்றி இதே பக்கத்தில் முன்பு எழுதினேன். 'நல்ல தமிழ்ப் பாட்டுத்தானே, பொது இடத்தில் தமிழ் ஒலித்தால் உங்களுக்குக் கசக்கிறதா' என்று ஒருவர் நான்கு பக்கம் திட்டி எழுதினார். என் கருத்து மாறவில்லை. எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருப்பவர் அதைப் போடச் சொல்லவில்லை. அங்கே அலையின் சத்தமே சிறியது. 1966 முதல் கடலைத் தூர்த்து உருவாக்கிய கரை அது. மண் அரித்துப் போகாமல் இருக்க அங்கங்கே பாறைத் தடுப்புப் போட்டுச் சின்னச் சின்ன வளைகுடாக்களாக வளைத்திருக்கிறார்கள். அந்தச் சிறிய ஓசையைக் கேட்கக் காதைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, டிசம்பருக்கு வருவோம். இதில் நான் கண்டிப்பாகப் பேசுவேன், ஏனென்றால் பட்டிருக்கிறேன். திருமணமான புதிதில் ஒரு பயண முகவர் எங்களுக்கு டிசம்பரில் தியோமான் பயணத்தை விற்றார். தியோமானுக்குப் படகு ஏறும் மெர்சிங் வரை போனோம். படகு இல்லை. கடல் கறுத்து, துறையை அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் அங்கேயே ஒரு விடுதியில் கிடந்துவிட்டுத் திரும்பினோம். பருவம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் பணம் வாங்கியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நாகப்பட்டினத்தில் மழையாகக் கொட்டுகிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் தென்சீனக் கடலைக் கடந்து வந்து மலேசியாவின் கிழக்குக் கரையில் மோதுகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை தியோமானில் பல விடுதிகள் மூடிக்கிடக்கும், படகுகள் குறைந்துவிடும். டெசாருவும் கிழக்கே பார்த்த கரைதான். விடுதி திறந்திருக்கும், கடலில் இறங்க முடியாது. பிந்தானின் வடக்கே லாகோயிலும் கிழக்கே திரிக்கோராவிலும் அந்தக் காற்றே நேராக அடிக்கும். தானா மேராவிலிருந்து ஒரு மணி நேரப் படகு, போய்வருவது சுலபம் என்பது உண்மைதான். அதை ஏப்ரல், மே மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தியோமானுக்கும் அப்போது போங்கள். அங்கே போனால் கிழக்குப் பக்கம் ஜுவாரா என்ற கிராமத்தில் தங்குங்கள். மேற்குப் பக்கம் இருக்கும் தெக்கேக்கிலிருந்து செங்குத்தான மலைச்சாலையைத் தாண்டிப் போகவேண்டும் என்பதால் கூட்டம் அந்தப் பக்கம் அவ்வளவாக வராது. ஆமைகள் முட்டையிட வரும் கரை அது.

டிசம்பரில்தான் போயாக வேண்டும் என்றால் மேற்கே பாருங்கள். லங்காவி அந்தமான் கடலில் இருக்கிறது. தீபகற்பத்தின் நடுவில் ஓடும் மலைத்தொடர் அந்தக் காற்றைத் தடுத்துவிடுகிறது, அதனால் அங்கே வெயில் காலம் தொடங்கிவிடும். பந்தாய் செனாங்கில் கடைகளும் கூட்டமும் அதிகம். வடக்கே தஞ்சோங் ரூ பக்கம் போங்கள். ரூ என்றால் மலாயில் சவுக்கு மரம், நம் ஊர்த் தஞ்சோங் ரூவுக்கும் அந்தப் பெயர்தான். இன்னொன்று, நெய்தலுக்கு உரிய பொழுது எற்பாடு, சூரியன் சாய்கிற நேரம். டெசாருவில் சூரியன் கடலிலிருந்து எழும், கடலில் விழாது. அறை பதிவு செய்வதற்கு முன்னால் கரை எந்தத் திசை பார்க்கிறது என்று கேளுங்கள். இதை யாரும் கேட்பதில்லை.

விமானம் வேண்டாம், மூன்று நாள்கூட வேண்டாம் என்று தோன்றினால் ஒரே ஒரு பகல் போதும். மரினா சவுத் படகுத்துறையிலிருந்து செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் படகு இருக்கிறது. அங்கே இறங்கி இணைப்புப் பாதையில் நடந்தால் லாசரஸ் தீவு. வெள்ளை மணல், பிறைபோல் வளைந்த கரை. வார நாளில் போங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செயின்ட் ஜான்ஸில் இறங்கியதும் உடனே நடக்கத் தொடங்காமல் துறையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். 1870களிலிருந்து நெடுங்காலம் அங்கே தொற்றுத் தடுப்பு முகாம் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலின் மேல்தளத்தில் படுத்து வந்தவர்களில் பலர் ஊருக்குள் கால் வைப்பதற்கு முன்னால் அந்தத் தீவில் நாள் கணக்கில் இருந்திருக்கிறார்கள். என் பாட்டியும் இருந்தாள். தாத்தா அதற்கு நான்கு ஆண்டு முன்பே வந்து துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இரவானால் கடலுக்கு அந்தப் பக்கம் ஊரின் விளக்குகள் தெரியும் என்றும், அவற்றில் எந்த விளக்கின் கீழே அவர் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டே படுத்திருப்பாள் என்றும் சொல்லியிருக்கிறாள். அலை விடிய விடிய அடித்துக்கொண்டே இருந்ததாம்.

துறையில் நின்று வடக்கே பார்த்தால் அந்த ஊர் இப்போதும் தெரியும். கணவரையும் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.