செற்றி எடுக்கட்டோ, அக்கா? (வாசகர் கடிதம்)

அன்புள்ள அக்கா,

விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். இது ஒரு சின்ன விசயம்தான், ஆனால் இரண்டு கிழமையாக நித்திரை இல்லை.

கனடாவில் இருக்கிற அண்ணா ஆடிக் கடைசியில் அண்ணியோடும் பிள்ளைகளோடும் வருகிறார். 2006இல் போனவர், இப்பதான் முதல் தரம் வருகிறார். எங்களுடையது இந்திய வீட்டுத்திட்ட வீடு. 2014இல் குடிபுகுந்தோம். அண்ணா அதைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். பூசின சுவர் மங்கிப்போய்விட்டது, கீழ்ப்பக்கம் சில இடத்தில் உதிர்கிறது. ஹோலில் ஒரு பழைய மரச் செற்றி (குஷன் கிழிஞ்சுபோச்சு), சோகேஸ், இரும்பு அலுமாரி, ரீவி, ஆறு பிளாஸ்டிக் கதிரை. ரீவிக்கு மேலே அப்பாவின் படம். அறையில் அந்தப் பெரிய அலுமாரிக்கு இடமில்லாததால் அதை ஹோல் யன்னலோடு வைத்திருக்கிறோம்.

சீட்டுக் காசு முப்பதாயிரம் கையில் இருக்கிறது. ரவுனில் ஒரு கடையில் செற்றி செற் ஒன்று மாதக் கட்டணத்துக்குத் தருகிறார்களாம். எடுக்கட்டோ என்று யோசிக்கிறேன். குசினிக்குள் அரிசி மூட்டை வைக்கிற ஒரு மேசையும் கிடக்கிறது. அப்பா செய்வித்தது. அண்ணா ஏ.எல். படித்ததும் அதில்தான். 2010இல் மாமா காணி துப்புரவாக்கப் போனபோது விழுந்த சுவருக்குக் கீழே இருந்து எடுத்தார். ஒரு கால் போய்விட்டது, வேப்பங்கால் போட்டிருக்கிறோம். பலகையில் செல்துண்டு (எறிகணைச் சிதறல்) பட்ட பள்ளம் இருக்கிறது. மகள் புட்டி வைத்து வெள்ளைப் பெயின்ற் அடிப்போம் என்கிறாள். என்ன செய்யலாம், அக்கா?

ஒரு வாசகி, விசுவமடு

*

அன்பான தங்கச்சி,

செற்றி எடுக்காதேங்கோ. முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன், நீங்கள் அதற்குள் போய் முற்பணம் கட்டிவிட்டால் பிறகு நான் எழுதி என்ன பிரயோசனம்.

நானும் ஒருக்கால் எடுத்தவள். 2017இல் ஒரு அலுமாரி, மாதக் கட்டணத்துக்கு. பார்க்க நல்ல தேக்கு மாதிரி. தேக்கு மேலே ஒட்டின தாளில் மட்டும்தான் இருந்தது, உள்ளே அமுக்கின மரத்தூள். 2018 மார்கழி வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், இரணைமடுக் கதவுகளைத் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மிதந்த நேரம். முள்ளியவளையில் எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர்தான் நின்றது, அதுவும் ஒரு இரவு. அலுமாரியின் அடி தோசை மாதிரி ஊதி, கதவு பூட்டுப்படாமல் போய், தைப்பொங்கலுக்கு முதல் தானாகச் சரிந்தது. கடைக்குக் கட்டவேண்டிய காசு மட்டும் சரியாமல் நின்றது. மாசி, பங்குனி என்று இல்லாத அலுமாரிக்குப் பணம் கட்டினேன். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கட்டணக்காரர் படலையடியில் வந்து நிற்கிறதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இனி உங்கள் ஹோலுக்கு வருவோம். யூரியூப்பிலும் சஞ்சிகைகளிலும் ‘வீட்டில் உள்ள பழைய தளபாடங்களை வைத்தே வீட்டைப் புதிதாக்குங்கள்’ என்கிறார்கள். பாட்டியின் ஊஞ்சல், தாத்தாவின் சாய்மனைக் கதிரை என்று காட்டுவார்கள். எனக்குச் சிரிப்பு வரும். வன்னியில் எந்த வீட்டில் பாட்டியின் ஊஞ்சல் இருக்கிறது? எங்கள் வீடுகளில் பெரும்பாலான சாமான்களின் வயது போருக்குப் பிறகு வந்த மீள்குடியேற்றத்தின் வயது. நிவாரணத்தில் வந்த பிளாஸ்டிக் கதிரை, 2011இல் யாரோ வெளிநாட்டுக்காரர் காசனுப்ப வாங்கின கட்டில், மகள் சாமத்தியத்துக்கு வந்த சோகேஸ். ஒன்றுக்கொன்று பொருந்தாது, ஏனென்றால் ஒன்றுகூட வீட்டை யோசித்து வாங்கினதில்லை. கிடைத்த நேரம் கிடைத்தது வந்தது. ஆகையால் உங்கள் ஹோல் வடிவில்லாமல் இருப்பது உங்கள் கைப்பிழை இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை எல்லாவற்றையும் முற்றத்துக்குத் தூக்குங்கோ. எல்லாவற்றையும் என்றால், ரீவியும் சோகேசும் உட்பட. வெறும் ஹோலில் பாய் போட்டு ஒரு தேத்தண்ணி குடியுங்கோ. திட்டத்தில் வீட்டின் அளவு 550 சதுர அடி, உங்கள் ஹோல் பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும் என்று நினைக்கிறேன். பன்னிரண்டடி நீளம் எவ்வளவு பெரிது என்று அன்றைக்குத்தான் தெரியும்! பிறகு ஒவ்வொன்றாக உள்ளே எடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கோ: இதைக் கடைசியாக எப்போது தொட்டோம்? என் சோகேசுக்குள் பெட்டி பிரிக்காத தேநீர்க் கோப்பை செற் ஒன்று ஒன்பது வருசம் இருந்தது. வருகிறவர்களுக்கென்று வைத்தது. வந்தவர்கள் எல்லாரும் மாமரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, எவர்சில்வர் கப்பில் குடித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சோகேஸ் இப்போது அறைக்குள் உடுப்பு வைக்கிறது. கண்ணாடிக்கு உள்ளே ஒரு துணி கட்டியிருக்கிறேன்.

உங்களுடையதையும் அப்படிச் செய்யலாம். சோகேஸ் அறைக்குள் உடுப்புக்குப் போனால் இரும்பு அலுமாரியில் பாதி காலியாகிவிடும். அதைத் தூக்கி மேற்குச் சுவரோடு வையுங்கோ. பின்னேர வெயில் சுடுகிற சுவர் அதுதான், அலுமாரி அந்தச் சூட்டைக் கொஞ்சம் மறித்துக்கொள்ளும். சுவரில் முட்ட வைக்காமல் நாலு விரல் இடைவெளி விடுங்கோ. காற்றுப் போகும், மரச்சாமானென்றால் கறையான் ஏறுவதும் கண்ணில் படும். இப்போது அது மறைத்துக்கொண்டு நிற்கிற யன்னல் தெற்குப் பக்கமோ தென்மேற்குப் பக்கமோ என்றால், தங்கச்சி, நீங்கள் சோளகத்தையே அடைத்து வைத்திருக்கிறீர்கள். வைகாசியில் இருந்து புரட்டாசி வரைக்கும் சும்மா கிடைக்கிற காற்று அது. புழுதியும் வரும்தான். அதற்கு நூல் சீலைத் திரை போதும். ஒரு சீலை ஐந்தரை மீற்றர், நாலடி உயர யன்னலுக்கு மடிப்பு வைத்துத் தைத்தாலும் நாலு துண்டு வரும். நைலெக்ஸ் சீலை வேண்டாம், காற்றில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

சுவர். மகள் வெள்ளை என்கிறாள், எல்லாச் சுவரும் வெள்ளை. கணக்குப் பாருங்கோ. பத்துக்குப் பன்னிரண்டு ஹோலின் சுற்றளவு 44 அடி. பத்தடி உயரம் என்றால் 440 சதுர அடி, இரண்டு பூச்சுக்கு 880. ஒரு லீற்றர் எமல்சன் கிட்டத்தட்ட நூறு சதுர அடிக்கு ஒரு பூச்சுப் போகும். கதவு யன்னல் கழித்தாலும் எட்டு லீற்றர் வேண்டும். அடுத்த மாரிக்குள் கிரவல் புழுதியும் பிள்ளைகளின் கையும் சேர்ந்து அதன் கீழ்ப்பகுதியைச் செங்கல் நிறமாக்கிவிடும். நான் செய்தது இது: நிலத்தில் இருந்து மூன்றடிக்கு மட்டும் கடும் நிறம், மேலே பழைய பூச்சைத் துடைத்துவிட்டு அப்படியே விட்டேன். 44 அடி, மூன்றடி உயரம், 132 சதுர அடி. இரண்டு பூச்சுக்கும் நாலு லீற்றர் வாளி ஒன்றே தாராளம், மிச்சத்தில் குசினிக் கதவடிச் சுவரையும் அடித்துவிடலாம். இதொன்றும் புது நாகரிகம் இல்லை. மண்வீட்டுக் காலத்தில் அம்மம்மா சுவரின் அடியையும் குந்தையும் மட்டும் வேறு மண்ணால் மெழுகினது இதே காரணத்துக்குத்தான். நான் எடுத்தது கடும் காவி. கால் பட்டாலும் தெரியாது.

உதிர்கிற இடத்தில் வெள்ளையாகத் தூள் பூத்திருந்தால் அது உப்பு. நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறும்போது கொண்டுவருகிறது. அதைக் கழுவாதேங்கோ, கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போய் மறுபடி வரும். காய்ந்த தும்புத்தடியால் உரஞ்சிக் கொட்டிவிட்டு, அந்த இடத்தை இந்தக் கோடை முழுக்கக் காயவிட்டுக் கடைசியாகப் பூசுங்கோ. ஈரச் சுவரில் எவ்வளவு விலையான பெயின்ரும் நிற்காது. ஆடிக்குள் காயாவிட்டால் அந்தத் துண்டை அப்படியே விடுங்கோ. அண்ணா கோபிக்கமாட்டார்.

பழைய செற்றியின் சட்டம் ஆடாமல் இருந்தால் உங்கள் காசில் பெரிய பங்கு அதற்குப் போகட்டும். ஸ்பொன்சை ரவுனில் அளவுக்கு வெட்டித் தருவார்கள், உறை நீங்களே தைக்கலாம். உறைக்குச் சிப் வையுங்கோ, கழற்றித் தோய்க்க. பிளாஸ்டிக் கதிரைக்குப் பெயின்ற் அடிக்கிற வீடியோ ஒன்று மகள் உங்களுக்குக் காட்டுவாள், காட்டாவிட்டால்தான் அதிசயம். வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக்கில் அது உரிந்து இருக்கிறவரின் சாறத்தில் ஒட்டும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்து மரத்தடியில் அடுக்குங்கோ. அங்கேதான் எல்லாரும் இருக்கப் போகிறீர்கள்.

அப்பாவின் படம் ரீவிக்கு மேலே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை எங்கே வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அந்த வரியை எழுதியிருக்கிறீர்கள். ரீவிக்கு மேலே வேண்டாம். கிரிக்கெட் பார்க்கிற பிள்ளைகள் படத்தைப் பார்த்துக்கொண்டே படத்தைப் பார்க்காமல் பழகிவிடுவார்கள், எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. கதவைத் திறந்ததும் நேரே தெரிகிற இடத்திலும் வேண்டாம். இத்தனை வருசம் கழித்து வருகிற பிள்ளைக்கு அது முதல் அடியிலேயே முன்னால் நிற்கக்கூடாது, செருப்பைக் கழற்றி, தண்ணி குடித்து, கொஞ்சம் இருக்கட்டும். பக்கச் சுவரில், கண் மட்டத்தில். அதற்குக் கீழே அந்த மேசையை வையுங்கோ.

ஓம், குசினியில் அரிசி மூட்டை வைத்திருக்கிற மேசையைத்தான் சொல்கிறேன். அந்த வீட்டுக்குள் அண்ணாவுக்கு முன்பே தெரிந்த சாமான் அது ஒன்றுதான். மற்ற எல்லாம், சுவர் உட்பட, அவர் போன பிறகு வந்தவை.

மேசையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் ஒரு உள்ளங்கை அளவுக்குச் சாண்ட் பேப்பர் போட்டுப் பாருங்கோ. வெளிர் மஞ்சளாக, ஈரத்துணியால் துடைத்ததும் பட்டு மாதிரி மினுங்கினால் முதிரை. உங்கள் அப்பா விசுவமடுவில் செய்வித்தவர் என்றால் அநேகமாக முதிரையாகத்தான் இருக்கும். அப்படியென்றால் வெள்ளைப் பெயின்ற் என்ற கதையையே மகள் தானாக விட்டுவிடுவாள், நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை. சாண்ட் பேப்பரில் முதலில் 80ஆம் நம்பர், பிறகு 120, கடைசியாக 220. மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாக மட்டும் தேயுங்கோ, குறுக்கே தேய்த்தால் வார்னிஷ் அடித்த பிறகு ஒவ்வொரு கீறலும் எழும்பி நிற்கும். மூக்குக்குத் துணி கட்டுங்கோ, முதிரைத் தூள் சிலருக்குத் தோலிலும் கடிக்கும். தேங்காய் எண்ணெய் பூசச் சொல்லி யாரும் சொன்னால் கேட்காதேங்கோ, அது காயவே காயாது, புழுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு மணக்கத் தொடங்கும். சாண்டிங் சீலர் (மரத்தின் துவாரங்களை அடைக்கிற அடிப்பூச்சு) ஒரு பூச்சு, லேசாகத் தேய்த்துவிட்டு வார்னிஷ் இரண்டு பூச்சு.

இதில் ஒரு பிழை நான் விட்டேன். சோளகம் அடிக்கிற மத்தியானம், முற்றத்தில் வைத்து ஒரு ஸ்ரூலுக்கு வார்னிஷ் அடித்தேன். காய்ந்தபோது ஸ்ரூல் பொரித்த மீன் மாதிரி இருந்தது, மேலெல்லாம் மண். விடிய ஐந்தரைக்கு, காற்று எழும்ப முதல், பத்தியில் நிலத்துக்குத் தண்ணி தெளித்துவிட்டு அடியுங்கோ. வேப்பங்காலின் நிறம் மற்ற மூன்றோடு ஒட்டாது. ஒட்டவைக்க மினக்கெடாதேங்கோ.

அந்தப் பள்ளத்துக்குப் புட்டி வைக்கிறதோ விடுகிறதோ என்பதை நீங்களும் அண்ணாவும் பேசிக்கொள்ளுங்கோ, அதற்கு ஆடி வரைக்கும் பொறுக்கலாம். ஆனால் பலகையைச் சீவத் தச்சு ஆசாரியாரைக் கூப்பிட முதல் ஒரு வேலை இருக்கிறது. எங்கள் பக்கத்து மரம் என்றால் வாள்மில்காரர் பயப்படுகிறது உங்களுக்குத் தெரியும், உள்ளே செல்துண்டு இருந்தால் வாளின் பல் போய்விடும். பிளேனர் அலகுக்கும் அதே கதிதான், தெறித்தால் ஆளுக்கும் ஆபத்து. பழுதான றேடியோ ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தைக் கழற்றி, நூலில் கட்டி, பள்ளத்தைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோங்கோ. இரும்பென்றால் இழுக்கும். இழுக்கிற இடத்தைச் சோக்கால் வட்டம் போட்டு, ஆசாரியாருக்குக் காட்டுங்கோ. அந்த வட்டத்துக்குள் அவர் கையால்தான் தேய்ப்பார்.

அன்புடன்,
அக்கா
முள்ளியவளை