பின்சக்கரம் உள்ளே சாய்கிறதா? பழைய பெஜோ, சிட்ரோன் பின்பீம் பற்றிக் கேள்வி பதில்

பெஜோ 205, 306, சிட்ரோன் இசட்எக்ஸ் போன்ற வண்டிகளின் பின்பக்க சஸ்பென்ஷன் எல்லாம் ஒரே குடும்பம். குறுக்கே ஒரு தடித்த குழாய், அதன் இரு முனையிலும் சக்கரத்தைத் தாங்கும் ஒவ்வொரு ஆர்ம். இந்த மொத்த அமைப்பைத்தான் பீம் என்கிறோம். ஆர்மோடு இறுகிய ஷாஃப்ட் குழாய்க்குள் நீடில் பேரிங்கில், அதாவது ஊசிபோல மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங்கில், அசைகிறது. சுருள் ஸ்பிரிங் கிடையாது. குழாய்க்கு முன்னும் பின்னும் படுத்திருக்கும் இரண்டு டார்ஷன் பார்கள் முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்குகின்றன. வந்த கேள்விகள் எல்லாம் இந்த அமைப்பைப் பற்றியவைதான்.

பின்னால் நின்று பார்த்தால் ஒரு சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறது. அலைன்மென்ட் பார்த்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. இந்த பீமில் அந்தச் சாய்வைத் திருத்த எந்த போல்ட்டும் இல்லை. புதிதில் லேசான உள்சாய்வு இரண்டு பக்கமும் இருக்கும், அது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் கூடியிருந்தால் உள்ளே பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் கோணலாக நிற்கிறது என்று அர்த்தம். டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் புதிதுபோல இருக்க, உள்ளே கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கும். அந்த டயரோடு இனி ஓட்டாதீர்கள்.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கிறது. வீல் பேரிங்கா, பீமா என்று எப்படிப் பிரித்தறிவது?

ஒருவரை பிரேக்கை அழுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். அப்படியே இருந்தால் ஆர்ம். அப்புறம், ஆர்மும் குழாயும் சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். செங்காவி நிறத்தில் துரு கசிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

அண்ணா, என் வண்டியில் சாய்வு இல்லை. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கிரீச் என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாமா?

ஓட்டாதே தம்பி. சத்தம் பீமிலிருந்துதான் வருகிறது என்றால் பீமை முழுசாகக் காப்பாற்றக்கூடிய நேரம் இதுதான். சீல் விட்டு ஈரம் உள்ளே போய், கிரீஸ் காய்ந்திருக்கும். ஷாஃப்ட்டில் இன்னும் குழி விழுந்திருக்காது. இப்போது திறந்தால் சீலும் பேரிங்கும் மாற்றி, புது கிரீஸ் வைத்து மூடிவிடலாம். சாய்வு வரும்வரை காத்திருந்தால் ஷாஃப்ட்டும் போகும், இன்னும் விட்டால் குழாயும் போகும்.

பேரிங் மட்டும் மாற்றினால் போதாதா? ஷாஃப்ட்டையும் மாற்றச் சொல்கிறார்களே?

ஷாஃப்ட்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், பேரிங்கைப் பார்த்து அல்ல. இங்கே நீடில் பேரிங்குக்கு உள்வளையம் கிடையாது. ஷாஃப்ட்டின் கடினமாக்கப்பட்ட மேற்பரப்புதான் உள்வளையம். ஊசிகள் நேரடியாக அதன்மேல் உருளுகின்றன.

உருளுகின்றன என்றுகூடச் சொல்ல முடியாது. ஆர்ம் சில டிகிரிதான் மேலும் கீழும் அசைகிறது. அதனால் ஒவ்வொரு ஊசியும் தன் இடத்திலேயே முன்னும் பின்னும் புரள்கிறது. முழுச்சுற்று சுற்றும் பேரிங்கில் கிரீஸ் திரும்பத் திரும்ப வந்து சேரும். இங்கே ஒதுங்கிய கிரீஸ் ஒதுங்கியதுதான். அதில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் துரு பிடித்து, ஊசி உடைந்து, உடைந்த தூளே அரம்போல ஷாஃப்ட்டை அறுக்கிறது. ஷாஃப்ட்டைத் துடைத்துவிட்டு நகத்தால் தடவுங்கள். நகம் ஒரு வரியில் தடுக்கினாலும் ஷாஃப்ட் போய்விட்டது. எமரித் தாளால் தேய்த்து மினுக்கிப் போடுபவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கடினத் தோல் மெல்லியது. அது போனபின் புது ஊசிகள் அந்த மென்மையான இரும்பைச் சீக்கிரமே தின்றுவிடும்.

குழாயையும் பாருங்கள். பேரிங்கின் வெளிக்கூடு குழாய்க்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். கையால் தள்ளினாலே போகிறது என்றால் அந்தக் குழாயில் செலவழிக்காதீர்கள்.

வெளியிலிருந்து கிரீஸ் ஏற்றும் கிரீஸ் நிப்பிள் வைத்தால் இந்தப் பிரச்சினை வராதாமே?

நல்ல பீமில் வைத்தால் உதவும், கெட்டதில் வைத்தால் வீண். ஊசி உடைந்தபின் எவ்வளவு கிரீஸ் ஏற்றினாலும் சத்தம் கொஞ்ச நாள் அடங்கும், அவ்வளவுதான். துளை போடுவதாக இருந்தால் பீமைப் பிரித்தபின் போடுங்கள். மூடிய பீமில் துளைத்தால் இரும்புத்தூள் நேரே பேரிங்குக்குப் போகும்.

டார்ஷன் பார் வெளியே வரவே மாட்டேன் என்கிறது. சுத்தியலால் அடித்துப் பார்த்துவிட்டேன்.

முதலில் சுத்தியலைக் கீழே வையுங்கள். இந்த வேலையில் பொறுமை தேவைப்படும் இடம் இதுதான், அவசரப்பட்டு வண்டியைக் கெடுத்துக்கொள்வதும் இங்கேதான்.

பல வருஷத் துரு பாரின் முனைகளில் உள்ள ஸ்ப்லைன் பற்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. துரு இளக்கும் எண்ணெயை இரண்டு முனையிலும் அடித்து ஒரு நாள் ஊற விடுங்கள், மறுநாள் மறுபடி அடியுங்கள். பாரின் முனையில் மரை போட்ட துளை இருக்கும். அதில் ஸ்லைடு ஹேமரை (கம்பியில் சறுக்கும் எடையால் வெளிப்பக்கமாக அடித்து இழுக்கும் கருவி) மாட்டி நேராக இழுக்க வேண்டும். பிடித்த முனையின் வெளிக்கூட்டை அளவாகச் சூடாக்கலாம். பாரைச் சூடாக்கக் கூடாது, அதன் பதம் போய்விடும்.

எடுப்பதற்கு முன் மூன்று காரியம். ஒன்று, ஆர்மைத் தாங்கிப் பிடித்து ஷாக் அப்சார்பரைக் கழற்றி, அந்த இடத்தில் துளைக்குத் துளை அளவெடுத்த ஒரு இரும்புப் பட்டையை மாட்டுங்கள். ஆர்ம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை அந்தப் பட்டைதான் பிடித்து வைக்கும். இரண்டு, பார், ஆர்ம், பாரின் மறுமுனையைப் பிடிக்கும் தாங்கி மூன்றிலும் ஒன்றுக்கொன்று நேராக சென்டர் பஞ்ச் வைத்துத் தட்டிக் குறி போடுங்கள். மூன்று, இடது எது வலது எது என்று எழுதுங்கள். தயாரிக்கும்போதே ஒரு திசையில் முறுக்கிப் பழக்கிய பார்கள் இவை. பக்கம் மாற்றிப் போட்டால் உடைய வாய்ப்பு உண்டு.

என் முதல் பீமில் நான் குறி போடவில்லை. கோத்து இறக்கியபோது ஒரு பக்கம் இரண்டு விரல் உயரமாக நின்றது. மறுபடி எல்லாவற்றையும் பிரித்தேன். பாரின் இரு முனையிலும் பற்களின் எண்ணிக்கை வேறு என்பதால், ஒவ்வொரு பல்லாகத் திருப்பிப் பார்த்து இரண்டு முனையும் ஒருசேர நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்தேன், ஆனால் ஒரு மாலை முழுக்கப் போனது.

ஷாஃப்ட் மாற்றுவதை வீட்டிலேயே செய்யலாமா?

ஆர்மிலிருந்து ஷாஃப்ட்டை எடுக்கப் பெரிய ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். அதைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பேரிங்கை வீட்டில் ஏற்றலாம். கூட்டின் விட்டத்துக்கு ஏற்ற ஒரு மாண்ட்ரலை (பேரிங்கைத் தள்ளி ஏற்றும் உருளைத் துண்டு) லேத்தில் கடைந்து வாங்கிக்கொண்டு, பேரிங்கின் எழுத்துள்ள முகத்தில் மட்டும் அழுத்துங்கள். பழைய பேரிங் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதை எடுப்பதற்கு முன்பே அளந்து எழுதுங்கள். கடைசியில் ஆர்முக்கும் குழாய்க்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி வேண்டும். உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள அளவை, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள்.

பழைய பீம் ஒன்று வாங்கி அப்படியே மாட்டிவிட்டால்?

அதுவும் அதே வயசு, அதே மழை. வாங்கினாலும் திறந்து பார்க்காமல் மாட்டாதீர்கள். டிரம் பிரேக்கா டிஸ்க்கா, டார்ஷன் பாரின் தடிமன் என்ன என்பதும் மாடலுக்கு மாடல் மாறும்.

பீமை பாடியோடு பிடிக்கும் ரப்பர் மவுண்ட்டுகளுக்குப் பதில் கெட்டியானவை போடலாமா?

தினசரி ஓட்டும் வண்டிக்கு வேண்டாம். 1991-ல் வந்த இசட்எக்ஸில், வளைவில் பின்சக்கரம் லேசாகத் திரும்பும்படி அந்த ரப்பரின் நெகிழ்ச்சியைக் கணக்குப் போட்டே வைத்தார்கள். 306-லும் அந்தக் குணம் உண்டு. கெட்டி மவுண்ட் போட்டால் அது போய்விடும், இரைச்சலும் உள்ளே வரும். ரப்பர் வெடித்திருந்தால் அதே வகையைப் புதிதாகப் போடுங்கள்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஓட்டுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

பிரேக் பைப்பைக் கழற்றியிருப்பீர்கள், காற்று முழுக்க வெளியேறும்வரை பிளீடிங் செய்யுங்கள். ஹேண்ட்பிரேக் கேபிள் எங்கும் உரசவில்லையே என்று பாருங்கள். பின்பக்க உயரம் மாறியிருந்தால், பீமோடு இணைந்த பிரேக் அழுத்த வால்வு உள்ள மாடல்களில் அதையும் திருத்த வேண்டும், இல்லையென்றால் பின்பிரேக் தேவைக்கு மேல் பிடிக்கும், அல்லது பிடிக்காது. ஷாக் அப்சார்பர் போல்ட்டுகளின் கடைசி இறுக்கத்தை வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கியபின் கொடுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை பாருங்கள்.