சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் ஒன்று

கேள்வி: காருக்கு ஆயில் மாற்றி இரண்டு வாரம் ஆகிறது. அப்போதிருந்து நிறுத்தும் இடத்தில் தினமும் நாலைந்து சொட்டுக் கறை. என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில்தான் சொட்டுகிறது. பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். என்ஜினில் எங்கே கசிந்தாலும் ஆயில் கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். கடைசியில் அந்தச் சேர்மானத்தில் வந்துதான் தொங்கும். அங்கே ஈரம் இருப்பதை மட்டும் வைத்து சீலைக் குற்றம் சொல்ல முடியாது. ஈரம் தெரியும் இடங்களில் எது மிக உயரத்தில், மிக முன்னால் இருக்கிறதோ, அதை ஒட்டித்தான் கசிவு.

உங்கள் கேள்வியில் முக்கியமான சொல் 'ஆயில் மாற்றி'. ஃபில்டரைக் கழற்றும்போது சிந்திய ஆயில், கீழே உள்ள பிளாஸ்டிக் தட்டில் தேங்கிப் பல நாள் சொட்டும். அது கசிவே அல்ல. அடுத்து, பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதியது ஏறியிருக்கலாம். இது ஆபத்து: இன்று நாலு சொட்டு, நாளை அழுத்தத்தில் வளையம் பிதுங்கினால் மொத்த ஆயிலும் ரோட்டில். ஃபில்டரைக் கழற்றி, உட்காரும் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். புது வளையத்தில் ஆயில் தடவி, முகம் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலான ஃபில்டர்களுக்குப் போதும். ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் வாஷரையும் பாருங்கள். பழைய வாஷரையே போட்டால் கசியும். கசிகிறதே என்று பலம் காட்டினால், அந்த போல்ட் ஏறும் அலுமினிய சம்ப்பின் (என்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) மரை போய்விடும்.

இவை இரண்டும் சரியாக இருந்தால், கழுவாமல் தேடக் கூடாது. என்ஜின் ஆறியபின் ஆல்டர்னேட்டரையும் ஒயர் இணைப்புகளையும் பிளாஸ்டிக் பையால் மூடி, டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) அடித்துத் துடைத்துக் காயவிடுங்கள். கீழே புகுவதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டில் வண்டியை உட்கார வையுங்கள். சந்தேகமுள்ள இடங்களில் டால்கம் பவுடரை லேசாகத் தூவி, 15 நிமிடம் என்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள். டார்ச்சுடன் மேலிருந்து கீழே வாருங்கள். வெள்ளைப் பவுடரில் பழுப்புக் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். ஒன்றும் தெரியாவிட்டால் 20 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். சில கசிவு சூடேறினால்தான் வாய் திறக்கும். அப்படியும் பிடிபடாததற்கு, ஆயிலில் கலக்கும் சாயமும் அதைப் பளிச்சென்று காட்டும் புற ஊதா டார்ச்சும் இருக்கின்றன.

பல நேரம் கோடு தொடங்குவது வால்வ் கவர் கேஸ்கெட்டில், அதாவது என்ஜினின் மேல்மூடிக்கு அடியில் உள்ள ரப்பர் பட்டையில். கழற்றியதை வளைத்துப் பாருங்கள். ரப்பர் போல வளையாமல் அப்பளம்போல் ஒடிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. புதியதைப் போடும்போது பழைய பிசினைச் சுரண்டி எடுத்து, கவர் மூலைகளில் தயாரிப்பாளர் சொன்ன இடத்தில் மட்டும் சிலிக்கோன் பசை வையுங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். பல வண்டிகளில் இறுக்கும் அளவு 10 நியூட்டன் மீட்டர்தான். உங்கள் வண்டிக்கான சரியான எண்ணைச் சர்வீஸ் கையேட்டில் பார்த்து டார்க் ரெஞ்ச்சில் (இறுக்கும் அளவைக் குறித்து வைக்கும் ஸ்பானர்) வையுங்கள். மாற்றியும் சில மாதத்தில் மறுபடி ஒழுகினால் கேஸ்கெட்டைத் திட்டாமல் பி.சி.வி. வால்வைப் (என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் வால்வு) பாருங்கள். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, எந்த சீல் இளைத்திருக்கிறதோ அதன் வழியே ஆயில் வெளியேறும்.

மேலே எல்லாம் காய்ந்திருந்து, கியர்பாக்ஸ் கூட்டின் அடி விளிம்பு மட்டும் நனைந்தால் மெக்கானிக் சொன்னது சரி. ஆனால் முகர்ந்து பாருங்கள். கந்தக நெடி அடித்தால் அது கியர் ஆயில்; மாற்ற வேண்டியது கியர்பாக்ஸின் சீல், என்ஜினுடையது அல்ல.

கேள்வி: ஏசி போட்டு நின்றால் முன்பக்கம் அடியில் தண்ணீர் தேங்குகிறது. பயப்படணுமா?

பதில்: நிறமும் வாசனையும் இல்லாவிட்டால் பயம் வேண்டாம். அது ஏசியில் குளிர்ந்து படிந்த நீர். அது சொட்டாமல் நின்று, உள்ளே தரைவிரிப்பு நனைந்தால்தான் கவலை: வடிகுழாய் அடைத்திருக்கும். நனைந்தது பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்து, முன்கண்ணாடியிலும் பனி படிந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது; என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் ஓடி, காருக்குள் சூடு தரும் குழல் தொகுதி அது.

கேள்வி: கூலண்ட் மாதம் அரை லிட்டர் குறைகிறது, தரையில் மட்டும் ஒன்றும் இல்லை. கசிவடைப்பான் ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள். ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, ஹீட்டர் கோரின் மெல்லிய குழல்களை அடைக்கும். சூடான பாகத்தில் விழும் கூலண்ட் தரை சேருமுன் காய்ந்துவிடுவதால்தான் கறை இல்லை. அது விட்டுச்செல்லும் வெள்ளை அல்லது பச்சைப் பொருக்கைத் தேடுங்கள்: ஹோஸ் கிளாம்ப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி விளிம்பு, வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சின்னத் துளை. அந்தத் துளையில் தடம் இருந்தால் பம்ப்பின் சீல் போய்விட்டது, பம்ப்பையே மாற்றுங்கள். ஆறிய என்ஜினில் பிரஷர் டெஸ்டர் மாட்டி, ரேடியேட்டர் மூடியில் எழுதிய அழுத்தத்துக்கு (பெரும்பாலும் 1 பார் சுற்றி) ஏற்றி 10 நிமிடம் விடுங்கள். முள் இறங்கியும் வெளியே ஈரம் இல்லை என்றால் ஹெட் கேஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவே உள்ள தகடு) வழியாக உள்ளே போகிறதா என்று சோதிக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. கூலண்டின் இனிப்பு நாயை இழுக்கும்; நக்கினால் நாயையும் பூனையையும் கொல்லும். சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்.

கேள்வி: பின்சக்கரத்தின் உட்புறம் ஈரம், பிரேக் மிதி கொஞ்சம் தாழ்கிறது. ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போகலாமா?

பதில்: கூடாது. இழுவை வண்டியில் அனுப்புங்கள். டிரம் பிரேக்காக இருந்தால் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை ஒதுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே திரவம் நின்றால் சிலிண்டரை மாற்ற வேண்டும். நனைந்த பிரேக் ஷூவைத் துடைத்துப் போடுவது வேண்டாம், இரு பக்கமும் புதிது போட்டு, பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும்.